வாடிய செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: ஆறு வருடமாகப் பூத்த செம்பருத்தி, புயல் ஓய்ந்த பத்தாம் நாளிலிருந்து தலை தொங்கி நிற்கிறது. தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறேன். இலை மஞ்சளாகி, மொட்டும் உதிர்கிறது. பூஜைக்குப் பறிக்கும் செடி. வெட்ட மனம் வரவில்லை. பிழைக்குமா?
(வாசகி, கியூர்பிப்)

பதில்: முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். மொரீஷியஸிலேயே அதிக மழை வாங்கும் மேட்டுப் பகுதி உங்களுடையது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். சேறாக ஒட்டினால் செடிக்குக் குறை தண்ணீரில்லை, காற்று. நீர் தேங்கிய மண்ணில் வேர் மூச்சு முட்டிச் சாகும், அதன்மேல் அழுகல் நோய் ஏறும். உறிஞ்ச வேரில்லாததால்தான் ஈரத்தில் நின்றும் வாடுகிறது. வாடுகிறதே என்று மேலும் ஊற்றித்தான் பலர் செடியைக் கொல்கிறார்கள்.

இரண்டு விஷயம் நீங்கள் எழுதவில்லை. விடியற்காலையிலும் இலை தொங்குகிறதா? மதியம் மட்டும் துவண்டு மாலையில் நிமிர்ந்தால் அது வெயில் வாட்டம், பயமில்லை. அடித்தண்டைப் பிடித்து அசைத்தால் ஆடுகிறதா? ஆடினால் காற்று வேரை அறுத்திருக்கிறது; தண்டைச் சுற்றி விழுந்த குழியில் மழைநீரும் நின்றிருக்கும். அந்தக் குழியை மண்ணால் மூடி, ஒரு கம்பு நட்டு, பழைய துணியால் தளர்வாகக் கட்டுங்கள்.

அடுத்து, தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி மண்ணைக் கிளறி ஒரு வேரை எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும். அழுகியது பழுப்பாக இருக்கும். இரு விரலால் உருவினால் தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சும், சாக்கடை வாடையும் அடிக்கும். கிளைப் பட்டையை நகத்தால் சுரண்டுங்கள்: பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஒரு கிளையைக் குறுக்கே வெட்டும்போது கட்டைக்குள் பழுப்பு வளையம் தெரிந்தால் அது வாடல் நோய். அதற்கு மருந்தில்லை, வேரோடு எடுத்துவிட வேண்டியதுதான்.

பச்சை இருந்தால் மூன்றில் ஒரு பங்கு கிளையை வெட்டி, மொட்டுகளை எல்லாம் கிள்ளுங்கள். மிஞ்சிய வேரால் அவ்வளவு இலைக்குத்தான் தண்ணீர் தர முடியும். கத்தரியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிட்டில் துடைப்பது நல்லது. தண்டைச் சுற்றிக் குவிந்த மண்ணை விலக்கி, பள்ளமான பக்கம் ஓர் அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி நீரை வெளியேற்றுங்கள். யூரியா வேண்டவே வேண்டாம். உரத்தின் உப்பு, புண்பட்ட வேரை எரிக்கும். நான்கு வாரத்தில் துளிர் வந்தபின் பாதி அளவு உரம் போதும்.

வெட்டிய கிளைகளை எறியாதீர்கள். நோயில்லாத, பென்சில் பருமனான துண்டுகளை ஒரு சாண் நீளத்துக்குக் கணுவுக்குக் கீழே வெட்டி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு ஈர மணலில் நிழலில் நடுங்கள். ஆறு வாரம் வாக்கில் வேர் விடும். தாய்ச்செடி போனாலும் பூ போகாது.

கேள்வி: கடற்கரை ஓரம் வீடு. புயலுக்குப் பின் அரளி இலை ஓரம் கருகுகிறது. இதுவும் அழுகலா?
(வாசகர், பிளிக் ஆன் பிளாக்)

பதில்: மண் நீர் தேங்காமல் இருந்தால் அழுகலாக இருக்காது, காற்று கொண்டுவந்த கடலுப்பு. மழை நின்றதும் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவியிருக்கலாம். இப்போது கருகியதைத் தொடாமல் விடுங்கள், புது இலை வரும். கிள்ளத்தான் வேண்டுமென்றால் கையுறை போடுங்கள். அரளிப் பால் விஷம்.