வெண்டாவை ஆண்டவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தபால்தலைத் தொகுப்பில் ‘வெண்டா’ என்ற பெயருடன், தேயிலைச் சாகுபடியைக் காட்டும் 1980-ஆம் ஆண்டுத் தபால்தலை ஒன்று இருக்கிறது. இப்படி ஒரு நாட்டை உலக வரைபடத்தில் காணவில்லையே. இது எங்கே இருந்தது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தென்னாப்பிரிக்காவின் வடகோடியில், லிம்போபோ ஆற்றுக்குத் தெற்கே, வெண்டா மொழி பேசும் மக்கள் வாழும் மலைப்பகுதி அது. கறுப்பின மக்களை மொழிவாரியாகப் பிரித்து, ஆளுக்கொரு ‘தாயகம்’ என்று ஒதுக்கிவிட்டால், மீதி நாடு முழுவதும் வெள்ளையருக்கே உரியதாகிவிடும் என்பது நிறவெறி அரசு போட்ட கணக்கு. அந்தக் கணக்கின்படி வெண்டாவுக்கு 1973-இல் தன்னாட்சியும், 1979 செப்டம்பர் 13 அன்று ‘சுதந்திரமும்’ வழங்கப்பட்டன. டிரான்ஸ்கெய், போபுதட்ஸ்வானா ஆகியவற்றுக்குப் பிறகு இப்படி அறிவிக்கப்பட்ட மூன்றாவது தாயகம் இது. தலைநகர் தோஹோயாண்டு.

தபால்தலை, கொடி, நாடாளுமன்றம் எல்லாம் இருந்தன. புழங்கிய பணம் தென்னாப்பிரிக்க ராண்ட், வரவு செலவுக்குப் பெரும்பகுதி தென்னாப்பிரிக்க அரசின் தலைநகரான பிரிட்டோரியாவிலிருந்தே வந்தது. தென்னாப்பிரிக்காவையும் அதன் பிற தாயகங்களையும் தவிர உலகில் எந்த நாடும் வெண்டாவை அங்கீகரிக்கவில்லை, ஐ.நா. பாதுகாப்பு அவை அந்த மாதமே கண்டித்தது. ஆனாலும் பாதிப்பு உண்மையானது: பல ஆண்டுகளாக ஜோகன்னஸ்பர்க்கில் வேலை செய்து அங்கேயே குடியிருந்த வெண்டா மொழிக்காரரும், ஒரே நாளில் தென்னாப்பிரிக்கக் குடியுரிமையை இழந்து, பிறந்த நாட்டிலேயே அந்நியரானார்.

கேள்வி: வெண்டாவின் தலைவர் பேட்ரிக் எம்பெஃபுவின் கட்சி இரண்டு தேர்தல்களில் தோற்றும் அவரே ஆட்சியில் நீடித்தார் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது எப்படிச் சாத்தியம்?
– வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் படித்தது சரியே. வெண்டா அரசியலைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி இல்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எம்பெஃபு ஒரு பரம்பரைத் தலைவர். 1898-இல் போயர் (டச்சு வம்சாவளி வெள்ளையர்) படையை எதிர்த்துத் தோற்று, லிம்போபோ ஆற்றைக் கடந்து தப்பிச் சென்ற, அதே பெயர் கொண்ட மன்னரின் வழித்தோன்றல். இந்தப் பரம்பரைப் பெருமை அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது. ஆனால் அவருடைய அதிகாரத்தின் வேர் அங்கே இல்லை. 1951-ஆம் ஆண்டின் பாண்டு அதிகாரங்கள் சட்டத்தில் இருந்தது (‘பாண்டு’ என்பது கறுப்பின மக்களுக்கு நிறவெறி அரசு வைத்த பெயர்). அந்தச் சட்டம் ஊர்த்தலைவர்களை அரசிடம் சம்பளம் வாங்கும் அலுவலர்களாக்கியது. அரசுக்கு இணங்காத தலைவரின் பதவியைப் பறிக்கவும், இணங்குபவரை அமர்த்தவும் பிரிட்டோரியாவால் முடிந்தது. நிலம் ஒதுக்குவதும் உள்ளூர் வழக்குகளைத் தீர்ப்பதும் தலைவர்கள் கையில் இருந்ததால், அவர்களைப் பிடித்தவர் கிராமத்தையே பிடித்தவரானார்.

சட்டமன்றமும் இதே அடித்தளத்தில்தான் கட்டப்பட்டது. 1973-இல் அதன் 60 இடங்களில் மக்கள் வாக்களித்து நிரப்பியவை 18 மட்டுமே. மற்ற இடங்கள் தலைவர்களுக்கும் நியமன உறுப்பினர்களுக்கும் உரியவை. பால்ட்வின் முடாவ் தலைமையிலான வெண்டா சுதந்திரக் கட்சி அந்த 18-இல் 13-ஐ வென்றது. எம்பெஃபுவோ நியமன உறுப்பினர்களின் ஆதரவுடன் முதலமைச்சரானார். 1978-இல் தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் 42 ஆக உயர்ந்தபோது முடாவின் கட்சி 31-ஐக் கைப்பற்றியது. இம்முறையும் அதே கதைதான். கூடுதலாக, எதிர்க்கட்சியினர் பலர் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டனர். மக்கள் இருமுறை தெளிவாக மறுத்த ஒருவர்தான், மறு ஆண்டே ‘சுதந்திர’ நாட்டின் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். பின்னர் ஆயுட்காலத் தலைவர் என்றும் அறிவிக்கப்பட்டார்.

வாக்கைப் புறந்தள்ளிய ஆட்சி காவல்துறையைச் சார்ந்தே நிற்க வேண்டியிருந்தது. 1981 அக்டோபரில், நிறவெறியை எதிர்த்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் போராளிகள் வெண்டாவின் சிபாசா ஊர்க் காவல் நிலையத்தைத் தாக்கினர். அடுத்து நடந்த கைது வேட்டையில் சிக்கியவர்களில் ஒருவர், லுத்தரன் திருச்சபையின் இளம் போதகர் சிஃபிவா முவோஃபே. நவம்பரில் கைதான அவர் இரண்டே நாட்களில் காவலில் இறந்தார். காவலர்கள் அடித்ததே காரணம் என்று மரண விசாரணையில் தெரியவந்த பின்பும், குற்றம்சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். அதே திருச்சபையின் சைமன் ஃபரிசானியும் கைதாகிக் கடும் சித்திரவதைக்கு உள்ளானார். உயிர் பிழைத்து, தமக்கு நேர்ந்ததை உலகறியச் சொன்னார். வெண்டாவைப் பற்றிப் பேசும்போது எம்பெஃபுவின் பெயர் எவ்வளவு சொல்லப்படுகிறதோ, அவ்வளவுக்கு இவ்விருவரின் பெயரும் சொல்லப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: எம்பெஃபுவுக்குப் பிறகு வெண்டா என்னவாயிற்று?
– வாசகர், மதுரை

பதில்: எம்பெஃபு 1988 ஏப்ரலில் இறந்தார், ஃபிராங்க் ராவெலே பொறுப்பேற்றார். 1990 பிப்ரவரியில் நெல்சன் மண்டேலா விடுதலையானதும் தாயகங்கள் ஒவ்வொன்றாக ஆட்டம் கண்டன. வெண்டாவில் வேலைநிறுத்தங்களும் போராட்டங்களும் பெருகிய நிலையில், ஏப்ரல் 5 அன்று கர்னல் கேப்ரியல் ராமுஷ்வானா தலைமையில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது.

ராணுவ ஆட்சி எதையும் நான் போற்றுவதில்லை. எனினும் ராமுஷ்வானா, வெண்டா மீண்டும் தென்னாப்பிரிக்காவுடன் இணைய வேண்டும் என்ற நிலைப்பாட்டை எடுத்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். புதிய அரசமைப்புக்கான 1991 டிசம்பர் பேச்சுவார்த்தையிலும் வெண்டா பங்கேற்றது. போபுதட்ஸ்வானா தாயகத்தின் தலைவர் லூகாஸ் மங்கோப்பே தமது ‘நாட்டை’ விடமாட்டேன் என்று கடைசிவரை அடம்பிடித்ததையும், 1994 மார்ச்சில் அங்கே ரத்தம் சிந்தப்பட்டதையும் நினைத்தால், இந்த வேறுபாடு சிறியதல்ல.

1994 ஏப்ரல் 27 அன்று, அனைத்து இனத்தவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் தொடங்கிய நாட்களில், வெண்டா தென்னாப்பிரிக்காவுடன் இணைந்தது. இன்று அது லிம்போபோ மாகாணத்தின் வெம்பே மாவட்டத்தில் அடங்கும். தற்போதைய தென்னாப்பிரிக்க அதிபர் சிரில் ராமபோசா வெண்டா இனத்தவர். பள்ளிப் படிப்பை சிபாசாவில் முடித்தவர்.

அரச குடும்பத்தின் விவகாரம் மட்டும் ஓயவில்லை. எம்பெஃபுவின் மகன் டோனி 2012-இல் வெண்டா மன்னராக அரசால் அங்கீகரிக்கப்பட்டார். டோனியின் சகோதரரான மறைந்த தலைவர் டிம்பான்யிகாவின் மகள் மசிண்டி, பெண் என்பதற்காகவே தாம் ஒதுக்கப்பட்டதாக வழக்குத் தொடுத்தார். டோனியைத் தேர்ந்தெடுத்த முடிவு செல்லாது என்று 2019-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.