ஒரே மரபணு, மூன்று தலைமுறை: ஃப்ராஜைல் எக்ஸ் அறிக்கை சொல்வது என்ன?

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. இன்னும் இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதில்லை. கண்ணைப் பார்க்க மாட்டான், கையை உதறிக்கொண்டே இருப்பான். குரோமோசோம் பரிசோதனை ‘நார்மல்’ என்று வந்தது. ஒரு வருடம் கழித்து எஃப்.எம்.ஆர்.1 பரிசோதனை செய்ததில் ‘200-க்கு மேல், முழு மாற்றம்’ என்கிறார்கள். எனக்கு 92. ஏதோ ஒரு புரதம் உருவாகவில்லையாம். அதை மருந்தாகக் கொடுக்க முடியாதா? இரண்டாவது குழந்தை பெறலாமா? என் அப்பாவுக்கு இரண்டு வருடமாக டம்ளரை எடுத்தாலே கை நடுங்குகிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? எனக்கு வயது 31. தங்கைக்கு அடுத்த வருடம் திருமணம்.

பதில்: முதல் பரிசோதனையில் தெரியவில்லையே என்று உங்களை நொந்துகொள்ளாதீர்கள். மகனுக்கு இருப்பது ஃப்ராஜைல் எக்ஸ் என்ற பரம்பரை நோய். குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்க்கும் வழக்கமான சோதனையில் இது பெரும்பாலும் பிடிபடாது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஃப்.எம்.ஆர்.1 என்ற மரபணுவின் தொடக்கத்தில் சி-ஜி-ஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலோருக்கு அது 30 தடவை போல. 55 முதல் 200 வரை என்றால் ப்ரீமியூட்டேஷன், அதாவது முழு மாற்றத்துக்கு முந்தைய நிலை. நீங்கள் இருப்பது அங்கே. 200-ஐத் தாண்டினால் செல் அந்த மரபணுவையே பூட்டிவிடும். அப்புறம் அதிலிருந்து வரவேண்டிய எஃப்.எம்.ஆர்.பி. என்ற புரதம் வராது.

அந்தப் புரதத்தின் வேலை ஆர்.என்.ஏ.வைப் பிடித்து வைப்பது. புரதம் செய்வதற்கான குறிப்பைத் தாங்கிக்கொண்டு ஆர்.என்.ஏ. இழைகள் நரம்பு செல்லின் கிளை நுனி வரை போகின்றன. அங்கே எப்போது எவ்வளவு புரதம் செய்ய வேண்டும் என்பதில்தான் கற்றல் இருக்கிறது. எஃப்.எம்.ஆர்.பி. நூற்றுக்கணக்கான வகை ஆர்.என்.ஏ.க்களைப் பிடித்து, ‘பொறு, இப்போது வேண்டாம்’ என்று நிறுத்தி வைக்கிறது. அது இல்லாவிட்டால், மடையைத் திறந்து மூட ஆளில்லாத வாய்க்கால் மாதிரி. தண்ணீருக்குக் குறைவில்லை, வயல்தான் மூழ்குகிறது. நரம்பு செல்கள் ஒன்றோடொன்று இணையும் முள் போன்ற சிறு நீட்சிகள் நீளமாய், மெலிதாய், முதிராமல் நின்றுவிடுகின்றன.

இதற்கு 1993-இல் வெளியான ஒரு நோயாளியின் விவரம் நல்ல சான்று. அவருக்கு சி-ஜி-ஜி எண்ணிக்கை கூடவில்லை, புரதமும் உருவானது. ஆனால் அதன் 304-ஆவது அமினோ அமிலம் மட்டும் மாறியிருந்தது. மாறிய இடம் ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் பகுதி. அந்த ஒரு மாற்றத்துக்கே நோய் மிகக் கடுமையாக இருந்தது.

சரி, மருந்தாகக் கொடுக்கலாமா? இப்போதைக்கு முடியாது. இந்தப் புரதம் ஒவ்வொரு நரம்பு செல்லுக்குள்ளும் இருந்து வேலை செய்ய வேண்டும். ஊசியில் ஏற்றினால் மூளைக்குள் போய்ச் சேராது. எலிகளில் அருமையாக வேலை செய்த எம்க்ளூஆர்5 என்ற நரம்பு செல் ஏற்பியை அடக்கும் மருந்துகள் மனிதர்களிடம் நடந்த பெரிய சோதனைகளில் பலன் தரவில்லை. ‘குணமாக்குகிறோம்’ என்று யாராவது லட்சக்கணக்கில் பணம் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அந்தப் பணம் பேச்சுப் பயிற்சிக்கும் அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் போகட்டும். வலிப்பு வருகிறதா, காதில் அடிக்கடி சீழ் பிடிக்கிறதா என்று கவனியுங்கள். ஒன்று மட்டும் இன்றைக்கே செய்யலாம்: எதிரே உட்கார்ந்து ‘என்னைப் பார்’ என்று வற்புறுத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். கண்ணோடு கண் பார்ப்பது இந்தக் குழந்தைகளுக்குத் தாங்க முடியாத பதற்றம். அவன் உங்களை ஒதுக்கவில்லை.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். 50 வயதைத் தாண்டிய ப்ரீமியூட்டேஷன் ஆண்களில் பலருக்கு, ஒரு பொருளை எடுக்கப்போகும்போது கை நடுக்கமும் நடையில் தள்ளாட்டமும் வருகின்றன. பார்க்கின்சன் என்று நினைத்து மருந்து சாப்பிடுபவர்களும் உண்டு. இங்கே கதை தலைகீழ். பேரனுக்கு மரபணு பூட்டிக் கிடக்கிறது; தாத்தாவுக்கோ அது அளவுக்கு மீறி ஆர்.என்.ஏ.வை உற்பத்தி செய்கிறது. அந்த நீளமான ஆர்.என்.ஏ. மற்ற ஆர்.என்.ஏ.-பிணைப்புப் புரதங்களைத் தன்னோடு ஒட்டவைத்து, அவற்றின் வேலையைக் கெடுக்கிறது. ஆனால் உங்கள் 92 அம்மா வழியாகவும் வந்திருக்கலாம். அதனால் அப்பாவுக்கும் எஃப்.எம்.ஆர்.1 பரிசோதனை செய்யுங்கள், நரம்பியல் மருத்துவரிடம் பேரனின் அறிக்கையைக் காட்டுங்கள்.

இரண்டாவது குழந்தை பெறலாம், ஆனால் திட்டமிட்டு. உங்கள் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் எது குழந்தைக்குப் போகும் என்பது பாதிக்குப் பாதி. 92 உள்ளது போனால், அது 200-ஐத் தாண்டிவிடும் வாய்ப்பு மிக அதிகம். பெண் குழந்தை என்றால் இன்னொரு எக்ஸ் ஓரளவு ஈடுகட்டும். ஆனாலும் சுமார் பாதிப் பேருக்குக் கற்றலில் சிரமம் உண்டு. கருவுற்று சுமார் 11 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவையோ, 16 வாரத்தில் பனிக்குட நீரையோ எடுத்துச் சோதிக்கலாம். நம் சட்டம் மரபணு நோய்க்காகக் கருவைச் சோதிப்பதை அனுமதிக்கிறது, பாலினத்தைச் சொல்வதற்குத்தான் தடை. ஐ.வி.எஃப். முறையில் பாதிப்பில்லாத கருவைத் தேர்ந்தெடுக்கும் வழியும் இருக்கிறது. ரொம்பத் தள்ளிப்போடாதீர்கள்: ப்ரீமியூட்டேஷன் உள்ள பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு 40 வயதுக்குள் சினைப்பையின் செயல்பாடு குறைந்துவிடுகிறது. 80 முதல் 100 வரை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

அப்பாவுக்கு இருப்பது உறுதியானால், தங்கைக்கும் அது வந்திருக்கும், சந்தேகமில்லை. அப்பாவிடம் இருப்பது ஒரே எக்ஸ், அது எல்லா மகள்களுக்கும் போகும். அம்மா வழி என்றால் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இதைத் தங்கையிடம் நீங்களே, தனியாக, நிதானமாகச் சொல்லுங்கள். பரிசோதனை செய்வதா, எப்போது செய்வது என்பதை அவர் முடிவு செய்யட்டும்.