எந்த டீம், என்ன சம்பளம் என்று எதையும் சொல்லாத பெரிய டெக் கம்பெனியைப் பற்றி முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

"ஆப்பிள் மாதிரி வாய் திறக்காத ஒரு அமெரிக்கக் கம்பெனியின் ரெக்ரூட்டர் கூப்பிட்டிருக்கிறார். பெங்களூர் ஆபீஸ், எம்பெடட் வேலை (கருவிக்குள் ஓடும் சாஃப்ட்வேர் எழுதுவது). எந்த டீம் என்றால் சேர்ந்த பிறகு தெரியும் என்கிறார். சம்பளம் என்றால் என் எதிர்பார்ப்பைத் திருப்பிக் கேட்கிறார். இவர்களிடமிருந்து தகவல் வாங்குவது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர்களிடமிருந்து வாங்குவது கஷ்டம். அந்த ரெக்ரூட்டருக்கே பாதி விஷயம் தெரியாது. ஆனால் அவர்களைச் சுற்றி நிறைய சிந்திக் கிடக்கிறது, பொறுக்கிக்கொள்ளலாம்.

சில வருடங்களுக்கு முன் நானும் உங்கள் இடத்தில் இருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம், கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ரிசப்ஷனில் தண்ணீர் கேட்டேன். தண்ணீருக்கு முன்னால் டேப்லெட் வந்தது, விரலாலேயே என்டிஏவில் (ரகசியம் காக்கும் ஒப்பந்தம்) கையெழுத்து. போன் கேமரா மேல் ஒரு பச்சை ஸ்டிக்கர். உள்ளே போகும் வழியில் இருந்த வெள்ளைப் பலகையைக்கூடத் துணி போட்டு மூடியிருந்தார்கள். மொத்தம் ஆறு ரவுண்டு. முதல் இரண்டும் வழக்கம்போல சி மொழி, இன்டரப்ட், மெமரி. மூன்றாவதில் வந்தவர், "சென்சார் நாள் முழுக்க விழிச்சிருக்கணும், பிராசஸர் தூங்கணும், எப்படிச் செய்வீங்க?" என்றார். சரி, பேட்டரியில் ஓடும் பொருள். நான்காவதில் புளூடூத். ஐந்தாவதில் ஒரு பெண், "சார்ஜ் ஆகும்போது மேற்பரப்பு 41 டிகிரியைத் தாண்டினா சாஃப்ட்வேர்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டார். (கேள்விகளைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.) மேசை மேல் இருக்கும் பொருளுக்கு யாரும் 41 டிகிரியைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள். அது தோலை ஒட்டி இருக்கும் பொருளுக்கான கவலை. ஆக, என்ன செய்கிறார்கள் என்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் எனக்குப் புரிந்துவிட்டது. ஒருவர்கூட ரகசியத்தை மீறவில்லை, எல்லோருமாகச் சேர்ந்து சொல்லிவிட்டார்கள்.

அதனால் இன்டர்வியூ முடிந்து கேப்பில் ஏறியதும், யார் எதைக் கேட்டார் என்று உங்களுக்காக எழுதி வையுங்கள். உங்கள் பதில்கள் முக்கியமில்லை. எந்தக் கேள்வி வேறு வேறு உருவத்தில் இரண்டு பேரிடமிருந்து வந்தது என்று பாருங்கள். அங்கேதான் அவர்களுக்கு இடிக்கிறது. சேர்ந்தால் உங்கள் தலையில் விழப்போவதும் அதுதான்.

பொருளைப் பற்றிய ரகசியத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஐபோன் வேலை 2004-ல் தொடங்கியபோது ஆள் எடுத்த கதையை, 2012-ல் சாம்சங் வழக்கில் சாட்சி சொல்ல வந்த, ஐபோன் சாஃப்ட்வேருக்குத் தலைமை வகித்த ஸ்காட் ஃபோர்ஸ்டால் விவரித்தார். வெளியாட்களை எடுக்கக் கூடாது, கம்பெனிக்குள் யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் சொல்லிவிட்டாராம். ஃபோர்ஸ்டால் நன்றாக வேலை செய்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருக்கிறார். புது வேலை ஒன்று இருக்கிறது, என்னவென்று சொல்ல முடியாது, யாருக்குக் கீழே என்றும் சொல்ல முடியாது, ஒன்றிரண்டு வருடத்துக்கு ராத்திரியும் வார இறுதியும் போய்விடும், வருகிறாயா? சிலர் வந்தார்கள். புராஜெக்ட்டின் பெயர் பர்ப்பிள், அவர்கள் அடைந்து கிடந்த கட்டடத்துக்குப் பெயர் பர்ப்பிள் டார்ம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் ஏற்கனவே உள்ளே இருந்தவர்கள். சம்பளம், பதவி, ஊர், இன்ஷூரன்ஸ் எல்லாம் கையில் இருந்தது. புராஜெக்ட் என்ன என்பது மட்டும்தான் தெரியாது. உங்களிடமோ, அந்தத் துணியை இழுத்து உங்கள் சம்பளத்தையும் லெவலையும் (பதவிப் படி) சேர்த்து மூடப் பார்க்கிறார்கள். அது போட்டியாளரிடமிருந்து காப்பாற்றும் ரகசியம் இல்லை, உங்களிடமிருந்து காப்பாற்றும் ரகசியம். இந்த மாதிரி ரகசியம் எங்கே போய் முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி எல்லாம் ஒருவர் ஆளை இன்னொருவர் கூப்பிடக் கூடாது என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள் என்று ஊழியர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த நான்கு கம்பெனிகளும் 2015-ல் 41.5 கோடி டாலர் கொடுத்து அதை முடித்தன. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அந்த வழக்கில் அடங்கியிருந்தார்கள். நம் சம்பளம் ஏன் ஏறவில்லை என்று அவர்களில் எத்தனை பேர் ராத்திரி யோசித்திருப்பார்கள்!

சரி, பொறுக்கும் வேலைக்கு வருவோம்.

முதல் இடம், அவர்களுடைய வேலை விளம்பரமே. கம்பெனி எவ்வளவு வாயை மூடினாலும் ஆள் எடுக்க வேண்டுமென்றால் கொஞ்சமாவது திறந்தாக வேண்டும். 2018-ல் ஆப்பிள் சான் டியேகோவில் மோடம் (போனை நெட்வொர்க்கோடு இணைக்கும் சிப்) வடிவமைக்கத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று விளம்பரம் போட்டது. சான் டியேகோ, மோடம் செய்யும் குவால்காம் கம்பெனியின் ஊர். அந்த ஊரில் போய் மோடம் ஆள் தேடினால் என்ன அர்த்தம் என்று துறையில் இருப்பவர்களுக்கு உடனே புரிந்தது. மறு வருடம் இன்டெலின் மோடம் பிரிவையே வாங்கினார்கள், 2025-ல் சொந்த மோடத்தோடு போன் வந்தது. கார் விஷயமும் அப்படித்தான். கார் செய்கிறோம் என்று ஆப்பிள் மேடையேறி அறிவித்ததே இல்லை. ஆனால் சாலையில் ஓட்டிப் பார்க்க அனுமதி வேண்டுமே, 2017 ஏப்ரலில் கலிஃபோர்னியா மோட்டார் வாகனத் துறையின் பட்டியலில் பெயர் வந்துவிட்டது. கைவிட்ட பிறகு 2024-ல் சான்டா கிளாராவில் 614 பேரை அனுப்பியதும் மாநில அரசுக்குக் கொடுத்த நோட்டீஸில்தான் தெரிந்தது. கூட்டமாக ஆட்குறைப்பு செய்வதென்றால் அமெரிக்காவில் 60 நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும், கலிஃபோர்னியா அந்த நோட்டீஸ்களின் பட்டியலை வெளியிடுகிறது.

உங்களுக்கு இதில் என்ன உபயோகம்? உங்கள் ஜேடியில் (வேலை விவரக் குறிப்பு) இருக்கும் நாலு வரியில் ஒரு விசித்திரமான வார்த்தை கண்டிப்பாக இருக்கும். அதை எடுத்து அதே கம்பெனியின் உலகளாவிய வேலைப் பக்கத்தில் தேடுங்கள். பெங்களூர் விளம்பரத்தில் நாலு வரி எழுதுகிற டீம், அமெரிக்காவிலோ மியூனிக்கிலோ அதே வேலைக்கு இரண்டு பத்தி எழுதியிருக்கும். கூடவே, 2023 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில், 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனமும் விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும் என்று சட்டம். அதைப் பார்த்து டாலரை ரூபாயாக்கிக் கனவு காணாதீர்கள். அந்த வேலையை எந்த லெவலில் வைத்திருக்கிறார்கள் என்று பிடிக்கத்தான் அது. ஹெச்-1பி விண்ணப்பங்களின் விவரத்தையும் அமெரிக்கத் தொழிலாளர் துறை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்செல் கோப்பாகவே போடுகிறது. கம்பெனி, பதவி, ஊர், அடிப்படைச் சம்பளம் எல்லாம் இருக்கும். ஸ்டாக் (சம்பளத்தோடு தரும் கம்பெனிப் பங்கு), போனஸ் இருக்காது.

பேனலில் வரப்போகிறவர்களின் பெயர் காலண்டர் அழைப்பில் இருக்குமே, அதைக் கொண்டு பேட்டன்ட் தேடுங்கள். விண்ணப்பித்துப் பொதுவாக 18 மாதத்தில் பேட்டன்ட் விண்ணப்பம் வெளியாகிவிடும், கண்டுபிடித்தவர் பெயரோடு. ஒருவர் கடந்த நான்கு வருடமாக எதைப் போட்டு உருட்டுகிறார் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்து இதைச் செய்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

இந்தியாவில் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) போடலாமா என்று யாராவது கமெண்டில் கேட்பார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தச் சட்டம் அரசு அமைப்புகளுக்கு, தனியார் கம்பெனிக்கு நேரடியாகச் செல்லாது. ஆனால் இரண்டு அரசு தளங்கள் நமக்காகவே திறந்து கிடக்கின்றன. ஒன்று, கம்பெனி விவகார அமைச்சகம். நூறு ரூபாய் கட்டினால் அந்தக் கம்பெனியின் இந்தியக் கிளை தாக்கல் செய்த ஆண்டுக் கணக்கைப் பார்க்கலாம். அதில் ஊழியர் செலவு என்று ஒரு தலைப்பு, அதற்குக் கீழே சம்பளம், பி.எஃப்., ஸ்டாக் செலவு என்று பிரித்திருப்பார்கள். ஸ்டாக் செலவு எவ்வளவு பெரிது என்று பார்த்தாலே, உங்களிடம் சொல்லப்போகும் சிடிசியில் (கம்பெனி உங்களுக்குச் செலவிடும் மொத்தத் தொகை) எவ்வளவு காற்று என்று ஓரளவு புரியும்.

இன்னொன்று பி.எஃப். தளம். நிறுவனத் தேடல் என்று ஒரு பக்கம் இருக்கிறது. பெயரை அடித்து, அந்த எரிச்சலூட்டும் கேப்சாவைத் தாண்டினால், மாதாமாதம் எத்தனை பேருக்குப் பணம் கட்டினார்கள் என்று அட்டவணை வரும். சொந்தமாக பி.எஃப். டிரஸ்ட் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு இந்த வழி சரிப்படாமல் போகலாம். மற்றவற்றுக்கு இதைவிட நேர்மையான கண்ணாடி கிடையாது. எண்ணிக்கை மாதாமாதம் ஏறுகிறதா, நிற்கிறதா, இறங்குகிறதா? ரெக்ரூட்டர் "வி ஆர் க்ரோயிங்" என்று சொல்வதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேலை வாங்கித் தருகிறேன், டெபாசிட் கட்டு என்று வரும் போலிக் கம்பெனிகளையும் பல நேரம் இங்கேயே பிடித்துவிடலாம்.

உள்ளே இருப்பவர்களைப் பிடித்துப் பேசுவதென்றால், என்ன செய்கிறீர்கள் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அவர் வேலை போய்விடும், அந்தப் பயத்தில் எதுவுமே பேச மாட்டார். இந்த வருடம் டீமிலிருந்து எத்தனை பேர் போனார்கள், ராத்திரி கலிஃபோர்னியா கால் வாரத்துக்கு எத்தனை, மேனேஜர் இங்கே உட்கார்ந்திருக்கிறாரா அங்கேயா, உங்கள் வேலையைப் பற்றி ரெசூமேவில் எழுத முடிகிறதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி லேசானதல்ல. ஐந்து வருடம் வேலை செய்துவிட்டு அடுத்த இன்டர்வியூவில் ஒரு வரி சொல்ல முடியாமல் முழித்த நண்பர்கள் எனக்கு உண்டு. ஆப்பிளுக்கே இது ஒரு கட்டத்தில் இடித்தது. எதையும் வெளியிடக் கூடாது என்றால் செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியாளர்கள் வரத் தயங்கினார்கள். 2016 டிசம்பரில், இனி எங்கள் ஆட்களும் ஆய்வுக் கட்டுரை வெளியிடுவார்கள் என்று அறிவித்தார்கள், 2017-ல் அதற்கென்றே ஒரு தளமும் வந்தது. வேண்டிய ஆள் வர மறுத்தால் இவர்களும் இறங்கி வருவார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம், ரெக்ரூட்டரிடம் போனில் கேட்காதீர்கள், மெயிலில் கேளுங்கள். பொருளைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். லெவல் என்ன, எந்த நிறுவனத்தின் பேரோலில் வருவேன் (ஆள் சப்ளை செய்யும் வெண்டரின் பேரோலாக இருந்தால் கதையே வேறு), எந்த ஊர், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஸ்டாக் எந்த வருடம் எத்தனை சதவீதம் கைக்கு வரும், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள். ஸ்டாக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அமேசானில் முதல் வருடம் 5 சதவீதம், இரண்டாம் வருடம் 15, மீதி 80 கடைசி இரண்டு வருடத்தில் என்ற வழக்கம் ரொம்ப நாளாக எல்லோருக்கும் தெரிந்தது. அப்படிப்பட்ட கணக்கில், மொத்த ஸ்டாக்கையும் நாலு வருடத்துக்குச் சமமாகப் பிரித்துப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. இந்தக் கேள்விகளுக்கு "கான்ஃபிடென்ஷியல்" என்று பதில் வந்தால், எனக்கு அது போதுமான பதில்.

இவ்வளவு பேசுகிற நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆறு ரவுண்டு முடிந்து நாலாம் நாள், "கன்கிராட்ஸ், லெட்டர் ரெண்டு நாள்ல வந்துடும்" என்று போன் வந்தது. பொருள் என்னவென்று கண்டுபிடித்த மிதப்பு வேறு. மறுநாளே இருந்த வேலையில் ராஜினாமா பேப்பர் போட்டுவிட்டேன், 90 நாள் நோட்டீஸ். இரண்டு நாள் பத்து நாளாயிற்று. அப்பா தினமும் சாயங்காலம் ஊரிலிருந்து போன் செய்து, "லெட்டர் வந்துச்சாப்பா?" என்பார். நாற்பதாம் நாள் ரெக்ரூட்டரே மாறிவிட்டார். பேப்பரைத் திரும்ப வாங்கலாமா என்று மேனேஜரிடம் போய் நின்றேன், என் இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது என்றார். எழுபத்தோராம் நாள் லெட்டர் வந்தது. வேறு டீம், ஒரு லெவல் கீழே. கையில் வேறு எதுவும் இல்லை, கையெழுத்துப் போட்டேன். அந்த லெவலைத் திரும்பப் பிடிக்க மூன்று வருடம் ஆனது.

பி.எஃப். அட்டவணையைப் பற்றி எனக்குத் தெரிய வந்தது அதற்கு அடுத்த வருடம். சும்மா பழைய மாதங்களைத் தள்ளிப் பார்த்தேன். நான் இன்டர்வியூவுக்குப் போவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருந்தது.

நான் அவ்வளவு சாமர்த்தியமாகக் கண்டுபிடித்த அந்தப் பொருள் இன்றுவரை கடைக்கு வரவில்லை.