தளத்தின் மெனுவை ஒருமுறை மூடினால் அகலத் திரையில் காணாமல் போகிறது. சிஎஸ்எஸ் விதியில் இம்பார்ட்டன்ட் (மற்ற விதிகளை மீறவைக்கும் சொல்) போட்டால் போதுமா?

போதாது. கைபேசி அளவில் மெனு ஒழுங்காகத் திறந்து மூடுகிறது, மூடிவிட்டு ஜன்னலை அகலமாக்கினால் மொத்தமாக மறைகிறது, ரீலோடு செய்தால் திரும்பி வருகிறது என்கிறீர்கள். உங்கள் தளத்தைப் பார்க்காமலே சொல்கிறேன், அது ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில், சறுக்கித் திறந்து மூடவைக்கும் ஸ்லைடுடாகிளின் வேலைதான்.

இதே பிழை என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. ஒரு பள்ளிக்குத் தளம் செய்து கொடுத்திருந்தேன். தாளாளர் டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்து மெனுவைத் திறந்து மூடிவிட்டு, ஆண்டு விழாப் படங்களைப் பார்க்கப் படுக்கவாட்டில் திருப்பியிருக்கிறார். மேலே வெறும் நீலப் பட்டை மட்டும். "என்ன தம்பி, மெனுவைத் தூக்கிட்டீங்களா?" என்று போன் வந்தது. என் கணினியில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. ஒவ்வொரு முறையும் நான் ரீலோடு செய்துவிட்டுப் பார்த்தால் எப்படித் தெரியும்? தோற்ற விதிகள் இருக்கும் ஸ்டைல்ஷீட்டை வரி வரியாகப் படித்தேன். கோளாறு அங்கே இல்லவே இல்லை. இரண்டாம் நாள் இரவு பிரவுசரில் இன்ஸ்பெக்ட் போட்டு மெனுப் பட்டியலின் யுஎல் டேகைப் பார்த்தால், அதன் ஸ்டைல் ஆட்ரிபியூட்டில் 'டிஸ்ப்ளே: நன்', அதாவது காட்டாதே என்று இருக்கிறது. நான் எழுதியது அல்ல. மூடி முடித்ததும் ஜேகுவெரி அங்கே விட்டுப்போனது.

டேகிலேயே எழுதிய ஸ்டைல், ஸ்டைல்ஷீட்டில் இருக்கும் சாதாரண விதியை வென்றுவிடும். திரை அகலத்துக்கேற்ப விதியை மாற்றும் மீடியா குவெரிக்குள் நீங்கள் 'டிஸ்ப்ளே: ஃப்ளெக்ஸ்' என்று எழுதியிருந்தாலும் அது எடுபடாது. இம்பார்ட்டன்ட் போட்டால் எடுபடும்தான், நானும் முதலில் அதைத்தான் செய்தேன். என் விதி உள்ளே இருந்த துணை மெனுக்களுக்கும் சேர்த்துப் பாய்ந்து, அகலத் திரையில் எல்லாம் ஒரேயடியாக விரிந்து நின்றன. அவற்றை மறைக்க இன்னொரு இம்பார்ட்டன்ட். அப்புறம் மவுஸை வைத்தாலும் அவை திறக்கவில்லை.

சரியான வழி, அனிமேஷன் முடிந்ததும் அது விட்டுப்போனதைத் துடைப்பது. திறந்திருக்கிறதா இல்லையா என்பதை ஒரு கிளாஸ் (டேகில் ஒட்டும் பெயர்) சொல்லட்டும்; கைபேசி அளவில் அது இருந்தால் மட்டும் மெனு தெரியும்படி ஸ்டைல்ஷீட்டில் எழுதுங்கள். கிளாஸ் இருந்தால் மூடும் ஸ்லைடுஅப், இல்லாவிட்டால் திறக்கும் ஸ்லைடுடவுன். இரண்டிலும் அனிமேஷன் முடிந்ததும் ஓடும் கால்பேக்கில் முதலில் கிளாஸை மாற்றுங்கள், பிறகு டிஸ்ப்ளேவுக்கு வெற்று மேற்கோள்குறி கொடுங்கள். அந்த ஒன்று மட்டும் டேகிலிருந்து நீங்கும். ஸ்டைல் ஆட்ரிபியூட்டையே அழிக்கச் சொல்பவர்கள் உண்டு. வேறு ஸ்கிரிப்ட் அங்கே வைத்ததும் சேர்ந்து போய்விடும், அதனால் வேண்டாம். பொத்தானைப் படபடவென்று அழுத்துபவர்களுக்காக, தொடங்கும் முன் ஸ்டாப்பை இரண்டு ட்ரூவுடன் கூப்பிடுங்கள்; ஓடிக்கொண்டிருக்கும் அனிமேஷன் உடனே முடிந்து, வரிசையில் காத்திருப்பவை நீங்கும்.

இந்தக் காலத்தில் ஜேகுவெரியா என்று யாராவது கேட்பார்கள். வேர்ட்பிரஸ் இன்றும் அதைச் சேர்த்தேதான் தருகிறது. பழைய தளங்களைப் பராமரித்துப் பிழைக்கும் எங்களைப் போன்றவர்களுக்குத் தூக்கிப்போட்டுப் புதிதாக எழுது என்ற அறிவுரை உதவாது. புதிதாகச் செய்வதானால் நானும் ஜேகுவெரி இல்லாமல் சிஎஸ்எஸ்ஸிலேயே கிரிட் வரியின் உயரத்தை 0எஃப்ஆரிலிருந்து (மூடியது) 1எஃப்ஆருக்கு (திறந்தது) ட்ரான்சிஷன் செய்வேன், உள்ளே இருப்பதற்கு வெளியே வழிவதை மறைக்கும் ஓவர்ஃப்ளோ ஹிடன் போடுவேன். மூடிய நிலையில் விசிபிலிட்டி ஹிடனும் வேண்டும். இல்லையென்றால் டேப் விசை கண்ணுக்குத் தெரியாத இணைப்புகளில் போய் நிற்கும்.

ஓவர்ஃப்ளோ ஹிடன் என்றதும் ஒரு ஆற்றாமை. கேட்காததைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அதே பள்ளியின் மெனுவில் 'வகுப்பு' என்பது 'வகுப்ப' என்று தெரிந்தது. டெம்ப்ளேட்டின் வரி உயரம் ஆங்கில எழுத்தை அளந்து வைத்தது. 'பு'வின் கீழே இறங்கும் கோட்டுக்கு அதில் இடமே இல்லை, வெட்டுப்பட்டுவிட்டது. டெம்ப்ளேட் விற்றவர்களுக்கு எழுதினேன். உங்கள் ஃபான்ட்தான் கோளாறு, மெனுவை ஆங்கிலத்தில் வையுங்கள் என்று பதில் வந்தது. நான் சரிசெய்து அனுப்புவதற்குள் பள்ளியில் மெனு முழுவதையும் ஆங்கிலமாக மாற்றிவிட்டார்கள். தமிழ்வழிப் பள்ளி அது. இன்னும் எனக்கு ஆறவில்லை. வரி உயரத்தை 1.6 ஆக்கி, கீழே நான்கு பிக்சல் பேடிங் கொடுத்ததோடு அது சரியாகியிருந்தது. உங்கள் மெனு தமிழில் இருந்தால் அதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.