விசுவாசம் இருந்தால் போதாதா, சபையில் விவாதம் எதற்கு?

விசுவாசம்தான் முதல், சந்தேகமே இல்லை. ஆனால் அதைச் சொல்லி விவாதத்தை ஒதுக்குவது வேதத்துக்கே பொருந்தாது. அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். யூதரல்லாதவர்கள் விசுவாசத்துக்கு வந்தால் விருத்தசேதனம் (ஆண்களுக்கு முன்தோலை நீக்கும் யூதச் சடங்கு) அவசியமா என்று எருசலேமில் வெகுநேரம் தர்க்கம் நடந்தது. பேதுரு பேசினார், பர்னபாவும் பவுலும் பேசினார்கள், அதற்குப் பிறகே யாக்கோபு தீர்மானம் சொன்னார். வேண்டியதில்லை என்ற அந்த முடிவு நமக்கும் சேர்த்துத்தான்! பெரோயா பட்டணத்தாரோ பவுல் சொன்னதையே தினமும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போஸ்தலர் நூலை எழுதிய லூக்கா அவர்களை மெச்சுகிறார்.

இங்கே சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் நடக்கும் ஜெபக்கூட்டங்களுக்கு வாருங்கள். கட்டாய தேசிய சேவையிலிருக்கும் பையன், "அவ்வளவு ஜெபித்தும் பாட்டி ஏன் பிழைக்கவில்லை?" என்று கேட்பான். "சந்தேகப்படாதே தம்பி" என்று வாயை அடைத்தால் அடுத்த வாரம் வரமாட்டான். மாற்கு 9-இல் ஒரு தகப்பன், விசுவாசிக்கிறேன் என்ற அதே மூச்சில் தன் அவிசுவாசம் நீங்க உதவி கேட்டான். இயேசு அவனை விரட்டவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார்.

தர்க்கத்தில் ஜெயித்து யாரையும் விசுவாசியாக்க முடியாது, அதுவும் உண்மை. எதிர்வீட்டு மலாய் அக்காவோ இந்து நண்பரோ கேட்டால் சாந்தத்தோடு பதில் சொல்லுங்கள். 1 பேதுரு 3:15 கேட்பது அவ்வளவே.