நெருக்கடியில் குறைவாகப் பேசுவது மறைப்பதாகாதா?

நெருக்கடி வேளையில் சுருக்கமாகப் பேசும் அமைப்பு எதையோ மறைக்கிறது என்றுதானே மக்கள் நினைப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்பதைப் பொறுத்தது அது.

2016 ஜூலை 22 மாலை, ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒலிம்பியா வணிக வளாகத்தை ஒட்டி நடந்த துப்பாக்கிச் சூட்டில் 9 பேர் கொல்லப்பட்டனர். நகரின் வேறு இடங்களிலும் சுடுகிறார்கள் என்ற வதந்தி சமூக ஊடகங்களில் பரவ, பேருந்தும் ரயிலும் நிறுத்தப்பட்டன. காவல்துறை ட்விட்டரில் ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, துருக்கி ஆகிய நான்கு மொழிகளில் எழுதியது. பொது இடங்களைத் தவிருங்கள், காவலர்களின் நடவடிக்கைகளைப் படமெடுத்துப் பதிவிடாதீர்கள் என்பன போன்ற, படித்தவுடன் செய்யக்கூடிய ஓரிரு வரிகளே அவை. செய்தித் தொடர்பாளர் மார்கஸ் ட க்ளோரியா மார்ட்டின்ஸ், நோக்கம் என்ன, பின்னணி என்ன என்று செய்தியாளர்கள் துருவியபோதும், உறுதியாகாததை ஊகிக்க மறுத்தார். அவர் பேசாதிருக்கவில்லை, தெரிந்தது இது, தெரியாதது இது என்று பிரித்துச் சொன்னார். இந்த வேறுபாட்டைத்தான் பல நிறுவனங்கள் கோட்டை விடுகின்றன.

காவல்துறையும் பிசகாமல் இருந்துவிடவில்லை. சுட்டவர்கள் மூவர் வரை இருக்கலாம் என்று முதலில் அதுவே எச்சரித்தது. தனியொருவன்தான் என்பது நள்ளிரவு கடந்தே உறுதியானது. ஆனால் 'இருக்கலாம்' என்று சொல்லி வைத்திருந்ததால், திருத்துவது எளிதாயிற்று.