துர்சுன் என்று யாராவது பெயர் வைப்பார்களா?

கேள்வி: ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் மேலாளர் துருக்கிக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். பெயர் துர்சுன். மொழிபெயர்ப்புச் செயலியில் யாரோ போட்டுப் பார்த்ததில் ‘நிற்கட்டும்’ என்று வந்ததாம். அன்றிலிருந்து அவர் முதுகுக்குப் பின்னால் ஒரே கேலி. இப்படியும் ஒரு பெயரா?
– ஒரு வாசகி

பதில்: ஆமாம் சகோதரி, துருக்கியில் தலைமுறை தலைமுறையாக வைத்துவரும் பெயர்தான். செயலி சொன்னதும் தப்பில்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறது. ‘துர்’ என்பதற்கு நில் என்று மட்டுமல்ல, இரு, தங்கு என்றும் பொருள் உண்டு. ‘சுன்’ நம்முடைய ‘அட்டும்’. “பாவம், அவளுக்குப் பிள்ளை தங்கலை” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தத் தங்குதல்தான் இது. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், “இதுவாவது தங்கட்டும்” என்று பெற்றவர்கள் வேண்டிக்கொண்டதே பெயராகிவிட்டது.

இதே வகையில் துர்முஷ் உண்டு, ‘தங்கிவிட்டான்’ என்று அர்த்தம். யாஷார் என்றால் ‘வாழ்வான்’. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் மல்யுத்தத் தங்கம் வென்ற யாஷார் தோவுவின் பெயர் அது. என்னை உலுக்குவது சதில்மிஷ் என்ற பெயர். ‘விற்கப்பட்டவன்’ என்று பொருள். பிள்ளையை ஒரு மகானின் அடக்கத்தலத்துக்கு நேர்ந்து, விற்றதாகப் பாவித்துவிட்டால் சாவு அதைத் தேடி வராது என்று நம்பினார்கள். தவிட்டுக்கு விற்று வாங்கி ‘பிச்சை’ என்று பெயர் வைத்த நம் பாட்டிமார்களும் இதே தவிப்பில்தான் செய்தார்கள்.

யெதெர் என்ற பெண் பெயரை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ‘போதும்’ என்று அர்த்தம். பெண்ணாகவே பிறக்கிறதே என்று சலித்த வீட்டில் வைத்தது, நம் போதும்பொண்ணுவேதான். பிறந்த பிள்ளையிடம் சொல்லும் முதல் வார்த்தையா அது?

சரி, உங்கள் மேலாளர் விஷயத்துக்கு வருவோம். அவருக்கு முன்னால் பிள்ளைகள் இறந்திருக்கலாம். அல்லது தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைத்திருக்கலாம், அங்கேயும் அந்த வழக்கம் உண்டு. அதனால் நீங்களாகக் கிளற வேண்டாம். அவரே பேச்செடுத்தால் கேளுங்கள். கேலி செய்கிறவர்களிடம் மட்டும் ‘தங்கட்டும்’ என்பதன் பின்கதையைத் தயங்காமல் சொல்லிவிடுங்கள். அப்புறம், துருக்கியர்கள் மரியாதைக்கு ஆண்களின் பெயரோடு ‘பெய்’ சேர்ப்பார்கள், நாம் ‘ஐயா’ என்பதுபோல. ‘துர்சுன் பெய்’ என்று நீங்கள் கூப்பிட ஆரம்பித்தால் மற்றவர்களும் பழகிக்கொள்வார்கள்.